செங்கல்பட்டு மேம்பாலத்தில் ஒரு மொறிஸ் மைனர்

ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்காகக் கடல் தாண்டிப் போனவன் என்று கொக்குவிலில் இப்போது என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என்னிடம் இருப்பது ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வான் வண்டி வந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என் கார் ஒழுங்கைக்குள் திரும்பினால் படலைவரை ஓடி வருவார்கள். அந்த ஓட்டத்தில்தான் என் பிழைப்பு. நான்கு சிலிண்டருக்கும் முறை வைத்து நெருப்புப் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற சாமான்தான் டிஸ்ட்ரிபியூட்டர். என் காரில் அதன் தண்டு தேய்ந்து ஆடத் தொடங்கியிருந்தது. ஆவணி முழுக்கக் கல்யாணங்கள் ஒப்புக்கொண்டிருந்தேன். கார் கொட்டிலில் நின்றது.

பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது. பிஸ்கட் டின் ஒன்றுக்குள் பழைய உதிரிப்பாகங்கள். நடுவில் நான் தேடிய அதே டிஸ்ட்ரிபியூட்டர். செங்கல்பட்டுப் பக்கம் புதுப்பட்டினத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஹ்மத் என்ற பெண்மணி போட்ட படம். தொலைபேசியில் விலை கேட்டேன்.

"காசெல்லாம் வாணாம் அண்ணாத்த. எங்கிட்டயும் இதே வண்டி கீது. ஏத்தத்துல போனா கடகடன்னு ஒரு சத்தம். பாக்காத மெக்கானிக் இல்ல. ஞாயித்துக்கெழம எம் பொண்ணு கல்யாணம். அதுக்குள்ள வந்து சத்தத்த நிறுத்து, டின்னோட எடுத்துக்கினு போ."

புறப்பட்டுவிட்டேன்.

வியாழன் காலை செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். தேநீர் ஆசையில் முதலில் ஒரு தேத்தண்ணி கேட்டேன். பரிமாறுபவர் குனிந்து, "இன்னா தண்ணி?" என்றார். தேத்தண்ணி என்று திரும்பவும் சொன்னேன். அவர் உள்ளே பார்த்து, "மாஸ்டர், ஒருத்தர் ஏதோ தண்ணி கேக்குறாரு, கேரளான்னு நெனைக்கிறேன்" என்றார். நாற்பது வருடமாகத் தமிழில் கதைத்து வாகனம் ஓட்டியவனுக்கு முதல் பத்து நிமிடத்தில் கிடைத்த பட்டம் இது. பிறகு இட்லியும் வடகறியும் வந்தன. கடலைப்பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் கொதிக்க வைத்து ஊற்றுகிறார்கள். எங்களூரில் வடை வடையாகவே தின்னப்படும். அதைக் கறியாக்கலாம் என்று ஏன் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று இரண்டாவது தட்டுவரை யோசித்தேன்.

அந்த யோசனையில்தான் தவறான பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். நடத்துநர் கூவிய ஊர்ப் பெயரின் வால் மட்டும் காதில் விழுந்தது. ஏறி ஜன்னலோரம் அமர்ந்து கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது பக்கத்தில் பெரிய நீர்ப்பரப்பு. கடலுக்கு வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தேன். அலையில்லாத கடல். தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன், கொக்குகள் கரையோரம் கணுக்கால் தண்ணீரில் நின்றன.

"இது என்ன கடல்?" என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கடலா? மதுராந்தகம் ஏரிப்பா!" என்றவர் முன் இருக்கையைத் தட்டி, "ஏய், இவரு ஏரியக் கடலுங்குறாருடி" என்று செய்தி அறிவித்தார். மதுராந்தகத்தில் இறங்கும்வரை அந்த பஸ்ஸில் நான்தான் பேச்சு. ஆனால் இறங்கியதும் அதே அம்மா என்னை எதிர்ப்பக்கம் கூட்டிப்போய், திரும்பிப் போகும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, "இவரு புதுப்பட்டினம் போவணும், கடல காட்டி எறக்கி வுடு" என்று நடத்துநரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். செங்கல்பட்டில் மறுபடி மாறி, புதுப்பட்டினம் போய்ச் சேர மதியம் மூன்று மணி.

சந்தைத் தெருவில் மீன் கூடைகளுக்கும் புடவைக் கடைக்கும் நடுவே ரஹ்மத்தின் கடை. சுவர் முழுக்க மிக்ஸி ஜார்கள். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் ஜாரை வைத்துவிட்டு மீன் வாங்கப் போவார்கள், திரும்பும்போது ஜார் தயாராக இருக்கும். ஐம்பது வயது இருக்கும். முக்காட்டுக்கு மேலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஈயம் பற்றவைக்கும் கோலும் கையுமாக இருந்தார்.

"வந்துட்டீங்களா! சோறு துன்னீங்களா?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே குரல் கொடுத்தார். வஞ்சிர மீன் குழம்பு வந்தது. புளி எங்களுடையதைவிடத் தூக்கல், தேங்காய்ப்பால் இல்லை. வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டேன்.

கார் வீட்டுக்குப் பக்கவாட்டில் நின்றது. வெண்ணெய் நிறம். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் உடைக்கக் கொடுக்க மனமில்லாமல் பிஸ்கட் டின்னோடு சேர்த்து இவரிடம் தள்ளிவிட்டுப் போன காராம். ரஹ்மத் அதற்காகவே ஓட்டுநர் உரிமம் எடுத்து, நான்கு வருடமாகத் தானே ஓட்டுகிறார். மகள் நஸ்ரின், மணப்பெண், கையில் மருதாணிக் கூம்போடு வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், எனக்கு ஏசி கார் வேணாம்னுட்டேன். மாமியார் வூட்டுக்கு இதுலதான் போவேன். ஆனா அந்த சத்தத்தோட போனா ஊரே திரும்பிப் பாக்கும்."

அவளுடைய அப்பா காதர் பாய் அதற்குள் என்னை ஓரமாக இழுத்தார். ஒல்லியான மனிதர், கல்யாண வேலைகளால் பாதி ஆளாகியிருந்தார். "வண்டி சரியா வராட்டி நேரா எங்கிட்ட சொல்லிடுங்க. ஒரு இன்னோவா சொல்லி வெச்சிருக்கேன். அவளுக்குத் தெரியாது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். பெற்றோல் டாங்க் மூடியைத் திறந்ததும் பட்டுப்புடவைப் பெட்டி வாசனை வந்தது. மூக்கை இரண்டாவது தடவை வைத்துப் பார்த்தேன். அந்துருண்டை!

"யார் தங்கச்சி இதுக்குள்ள அந்துருண்டை போட்டது?"

ரஹ்மத் கணவரைத் திரும்பிப் பார்த்தார். காதர் பாய் மேலே தென்னை மரத்தைப் பார்த்தார். "யூட்யூப்ல ஒருத்தன் சொன்னான். பெட்ரோலுக்கு வலு ஏறுமாம். நாலே நாலுதான் போட்டேன்."

"நாலா?"

"ஒரு பாக்கெட்டு."

அன்று காலை அந்த வீட்டில் அதற்கு மேல் காதர் பாயின் குரல் கேட்கவில்லை.

டாங்கை முழுக்க வடித்தேன். அவர்களுக்கிருந்த சந்தேகமெல்லாம் பெற்றோலின் மேல்தான். இப்போது அங்கே எல்லா பங்க்கிலும் நூற்றுக்கு இருபது வீதம் எத்தனால் என்ற சாராயம் கலந்த பெற்றோல். பழைய வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அதைப் பற்றி ஓர் ஒப்பாரி இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தச் சத்தம் பழக்கம். பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அது நேரமில்லாத நேரத்தில் தானாகப் பற்றும். மேலே ஏறி வருகிற பிஸ்டனை நெருப்பு எதிர்த்து அடிக்கும். அந்த அடிதான் பிங்கிங். தகரப் பேணிக்குள் கடலையைப் போட்டுக் குலுக்கினது போலிருக்கும். விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். அந்த நாட்களில் ஒவ்வொரு காரும் கடலை குலுக்கிக்கொண்டுதான் போனது. மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டால் இந்தியாவின் சாதாரண பெற்றோல் இந்த எஞ்சினுக்கு இளநீர். எத்தனாலால் எரிகலவை கொஞ்சம் மெலிவாகும், உண்மைதான். அதற்கு காபரேட்டரில் ஒரு திருகு போதும். எளிதாக மடங்கி உப்பிப்போகிற பழைய ரப்பர்க் குழாயை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

திருகினேன். சின்ன பல்ப் ஒன்றைப் பிடித்து, பொறி விழுகிற நேரத்தையும் பார்த்தேன். கணக்காக இருந்தது. ரஹ்மத் ஓட்ட, நான் பக்கத்தில் அமர, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போனோம். வழியில் ஒரு பங்கில் இருப்பதிலேயே உயர்ந்த பெற்றோலை நிரப்பினோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பங்க்காரர், "இந்த வண்டிக்கு இதெல்லாம் ஜாஸ்தி, சார். இது பழைய சோறு துன்ன வண்டி" என்றார். பெற்றோல் பற்றி நான் அந்த வாரம் கேட்ட கருத்துகளில் அதுதான் சரியானது.

சமதரையில் கார் பூனை மாதிரிப் போனது. உப்பங்கழிப் பாலத்தில் ஏறியதும் பேணிக்குள் கடலை குலுங்கியது. அதே சத்தம். துளியும் குறையவில்லை.

"உசந்த பெட்ரோல் போட்டும் கத்துதே!" என்றார் ரஹ்மத்.

"அப்ப பெற்றோலில பிழை இல்லை எண்டு தெரிஞ்சு போச்சு. அதுவும் நல்லதுதான்."

"நல்லதா? உங்க ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான் பேசுவாங்களா?"

மாமல்லபுரத்துக்குள் நுழையும்போது இன்னொன்று நடந்தது. சமதரையிலேயே அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. முன்னைவிடத் தெளிவாக, டிங் டிங் என்று. "ஓரங்கட்டுங்கோ!" என்று கத்தினேன். ரஹ்மத் பதறி ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

நிறுத்திய எஞ்சின் பிங்கிங் பண்ணுவதை நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு மெதுவாகத் திரும்பினோம். சாலையோரப் பட்டறையில் ஆறேழு சிற்பிகள் வரிசையாக உட்கார்ந்து பிள்ளையார்களையும் புத்தர்களையும் உளியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். டிங் டிங் டிங்.

ரஹ்மத் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். முக்காடு நழுவ, கண்ணாடி மடியில் விழ, மூச்சு முட்டச் சிரித்தார். நானும்தான். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து ஒரு சிற்பி எழுந்து வந்தார். ஏழுமலை என்று பெயர். உடம்பெல்லாம் வெண்தூசி. விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்து, எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"நாங்களும் சத்தத்துலதான் சார் வேல செய்றது" என்றார். "கல்ல தட்டுனா மணி மாதிரி கேக்கணும். உள்ள விரிசல் இருந்தா சத்தம் செத்துடும். உங்க வண்டி எப்ப கத்துது?"

"ஏற்றத்தில மட்டும். வேகம் எடுக்கேக்க."

"சோதிச்சது எப்ப?"

"நிண்டுகொண்டிருக்கேக்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு உளிக்குத் திரும்பினார். எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது போலிருந்தது. பொறி விழும் நேரம் நிற்கிறபோது ஒன்று, ஓடுகிறபோது ஒன்று. வேகம் கூடக் கூட அதைக் கணக்காக முந்தவைப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும். நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நாற்பது வருட அனுபவம்!

அன்று மாலை கடற்கரையில் சுண்டலும் மாங்காயும் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம். கடற்கரைக் கோயிலைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். உள்ளே போயிருந்தாலும் என் மனம் ஸ்பிரிங்குகளிடம்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். காலை நாஸ்தாவுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். இடியாப்பத்துக்குச் சொதிதான் துணை என்று வளர்ந்தவன் நான். பாயாவைக் குடித்த பிறகு அந்த நம்பிக்கையில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அதன் பின் எல்லோரும் துணி எடுக்கவும் பந்தல் பார்க்கவும் போய்விட்டார்கள். நான் செய்தித்தாளை விரித்து, ரஹ்மத்தின் காரிலிருந்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி வைத்தேன். பக்கத்தில் பிஸ்கட் டின்னிலிருந்ததை வைத்தேன். எனக்கு வாக்களிக்கப்பட்டது.

முதலாவதைத் திறந்தேன். தண்டு கல்லுப் போல உறுதி. ஆனால் ஸ்பிரிங்குகள் நூல் போல மெலிந்தவை. எடைகள் பெரியவை. உடலில் பொறித்திருந்த எண்ணை என் கைபேசியில் வைத்திருந்த கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. இது வேறு ஏதோ எஞ்சினுக்கானது. வேகம் கூடியதும் பொறியைத் தேவைக்கு மேல் முந்தவைக்கிறது. அதனால்தான் ஏற்றத்தில் கத்துகிறது.

இரண்டாவதைத் துடைத்து எண்ணைப் பார்த்தேன். பொருந்தியது. இதுதான் இந்தக் காரோடு பிறந்தது. உள்ளே தலைமுடி போன்ற ஒரு கம்பி அறுந்திருந்தது, வேறு குறையில்லை. அந்த ஒரு கம்பிக்காக எவரோ இதைக் கழற்றி டின்னில் போட்டுவிட்டுக் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள்.

ஆக, ரஹ்மத்தின் காருக்கு மருந்து நான் எடுத்துப்போக வந்த சாமான்தான்.

அந்தச் செய்தித்தாளின் முன் நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வழி இருந்தது. காரிலிருந்து கழற்றியதையே திரும்ப மாட்டி, நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளிவிட்டால் சத்தம் அடங்கும். இழுவை குறையும், எஞ்சின் சூடாகும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் ஒழுங்காக முடியும். நான் டின்னோடு ஊர் போவேன். ஆவணிக் கல்யாணங்கள் நடக்கும். ரஹ்மத்துக்கு ஒருநாளும் தெரியவராது. திருப்புளியைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு வைத்தேன். மறுபடி எடுத்தேன். நான்கு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கவலைப்பட்ட ஒருத்தி, நான் நிறுத்திவிடுவேன் என்று நம்பி மீன் குழம்பு ஊற்றியிருக்கிறாள். சூடேறிய எஞ்சினோடு அவள் ஏதோ ஒரு வெயிலில் சாலையோரம் நிற்பது கண்ணில் தெரிந்தது.

ரஹ்மத் பூக்கூடையோடு திரும்பி வந்ததும், "தங்கச்சி, ஒரு சங்கதி. இதில இருக்கு பிழை. அதில இருக்கு மருந்து. அது உங்கட காரின்ர சாமான். நான் கொண்டு போகேலாது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் கூடையை இறக்கி வைத்து, கீழே உட்கார்ந்து, இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிங்கை நகத்தால் சுண்டினார். தண்டை ஆட்டினார்.

"உங்க வூட்ல கீற டிஸ்ட்ரிபியூட்டர்ல இன்னா கெட்டுப்போச்சு?"

"தண்டு தேய்ஞ்சிட்டுது."

"ஸ்பிரிங்கு, எடை?"

"அதெல்லாம் அச்சொட்டா இருக்கு."

"எங்க வண்டில கழட்டின இதுல தண்டு?"

"நல்லா இருக்கு."

ரஹ்மத் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணாத்த, ஒரு ஜார்ல பிளேடு நல்லாக்கீது, இன்னொண்ணுல பாடி நல்லாக்கீது. நான் இன்னா பண்ணுவேன்? ரெண்டையும் குப்பைல போடுவனா? இத எடுத்துக்கினு போய் உங்க ஸ்பிரிங்க இதுல மாட்டு. இதுக்குப் போய் மூஞ்ச இப்பிடி வெச்சிக்கினு குந்திக்கினு கீற!"

உடல் இதனுடையது, உள்ளே இருப்பது என்னுடையது. இரண்டும் ஒரே அளவு. இத்தனை எளிய விஷயம் என் நாற்பது வருடத்துக்குத் தட்டுப்படவில்லை, அவர் தினமும் செய்கிற வேலை அது. அறுந்த கம்பியை அவரே பற்றவைத்தார். மருதாணி காயாத கையோடு நஸ்ரின் டார்ச் பிடித்தாள். மாட்டி, நேரம் வைத்து, உப்பங்கழிப் பாலம்வரை ஓட்டிப் பார்த்தோம். ஏறும்போது காற்றுச் சத்தம் மட்டும். ஆனால் அது சின்ன ஏற்றம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியில், நால்வர் ஏறிய காரோடு ஏற செங்கல்பட்டு மேம்பாலம் இருக்கிறது, அங்கேதான் பரீட்சை என்று ரஹ்மத் சொல்லிவிட்டார்.

ஞாயிறு நிக்காஹ். பிரியாணி, தாள்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி, பிரெட் அல்வா. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில் என்னையும் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் இறைச்சித் துண்டுகளையெல்லாம் என் பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "யாழ்ப்பாணம் மாமா, துன்னுங்க" என்றார். நேற்றுவரை கேரளாக்காரனாயிருந்தவன் இன்று மாமாவாகிவிட்டேன்.

மாலை நாலரைக்குப் புறப்பட்டோம். ரஹ்மத் ஓட்ட, பக்கத்தில் நான். பின்னால் நஸ்ரினும் மாப்பிள்ளை ஆசிப்பும். பின்னே வான் வண்டியில் காதர் பாயும் உறவினரும். நஸ்ரின் கேட்டதற்காக மாமல்லபுரம் வழியே போய், கடலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் தாண்டினோம். ஆசிப் மறைமலைநகரில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். புது மாப்பிள்ளை வெட்கம் தெளிந்ததும் எஞ்சின் பேச்சில் சேர்ந்துகொண்டான்.

"இப்ப வர்ற வண்டியிலெல்லாம் இந்தச் சத்தத்தக் கேக்கறதுக்குன்னே ஒரு சென்சார் வெச்சிருப்பாங்க, மாமி. கேட்டவுடனே அதுவே டைமிங்கக் கொறைச்சிக்கும்."

"எங்க வண்டிலயும் கீது" என்றாள் நஸ்ரின். "முன்சீட்ல உக்காந்துகினு பிரியாணி ஏப்பம் வுடுது."

மணப்பெண் அப்படிச் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று ரஹ்மத் அதட்டினார். அதட்டும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செங்கல்பட்டு நெருங்கியதும் பேச்சு தானாக நின்றது. மேம்பாலம் முன்னால் எழுந்து நின்றது. முன்னால் ஒரு மணல் லாரி ஊர்ந்தது. வேகமெடுத்து ஏற இடமில்லை. ரஹ்மத் கியரைக் குறைத்து மிதித்தார். எஞ்சின் மூச்சை இழுத்துப் பிடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாதி ஏற்றம். முக்கால். ஆழ்ந்த, உருண்டையான ஒரே முழக்கம். நடுவில் ஒரு கடலைகூடக் குலுங்கவில்லை.

"கேக்குதா?" என்றார் ரஹ்மத், என்னைப் பார்க்காமல்.

"இல்லை."

"நல்லா கேட்டுச் சொல்லு."

"இல்லை, தங்கச்சி. ஒண்டுமே இல்லை."

உச்சியை அடைந்தோம். கீழே ஒரு மின்சார ரயில் நீளமாகப் போனது. தூரத்தில் கொளவாய் ஏரி வெயிலில் பொன்னாக மினுங்கியது. இந்த முறை அது ஏரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. பின்னால் இருவரும் கைதட்டினார்கள். ரஹ்மத் மட்டும் இறக்கத்தில் பாதி வந்த பிறகுதான் பேசினார்.

"இனிமே இவளப் பாக்கணும்னா நான் இந்தப் பாலம் ஏறித்தான் வரணும் அண்ணாத்த. வாராவாரம் வருவேன். நடுவுல வண்டி நின்னுட்டா அதையே சாக்கு வெச்சி இவ அத்தா என்ன வுடமாட்டாரு."

பின்னாலிருந்து நஸ்ரின் இரண்டு கைகளையும் நீட்டி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கார் லேசாக ஆடியது. "கைய எடுடி, லாரி வருது" என்றார் ரஹ்மத், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆண்களெல்லாம் பெண்ணைவிட காரைத்தான் முதலில் பார்த்தார்கள். காதர் பாய் வான் வண்டியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். இன்னோவாக்காரனை வரவேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டதாகக் காதோடு சொல்லி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஊர் திரும்பிய மறுநாள் என் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்து, அதன் ஸ்பிரிங்குகளையும் எடைகளையும் ரஹ்மத் கொடுத்த உடலுக்குள் மாற்றினேன். காரில் மாட்டி, பல்ப் பிடித்து நேரம் வைத்து, சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே உயிர் வந்தது. மனைவி குங்குமம் எடுக்க உள்ளே ஓடினாள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ரஹ்மத்தை வீடியோவில் அழைத்தேன். பொனட்டைத் திறந்து, கைபேசியை எஞ்சின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து விட்டேன்.

"எப்பிடி?" என்றேன் பெருமையாக.

திரையில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மிக்ஸி ஜார் கேட்டு வந்த யாரையோ கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு வாட்டி இழு."

இழுத்தேன்.

"அண்ணாத்த, பொறி ஒரு துளி முன்னாடி கீது. பின்னாடி தள்ளு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருடமாக இந்தக் காதை வைத்துத்தான் பிழைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் பல்பை எடுத்து மறுபடி பிடித்துப் பார்த்தேன். ஒரு துளி முன்னால்தான் இருந்தது.